வுட்காக்கின் இறகு எப்படிப் பாடுகிறது?

மிச்சிகனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பறவை ஆர்வலர் குழு ஒன்றோடு மாலையில் வுட்காக் பார்க்கப் போனோம். அது மேலே ஏறும்போது வரும் கிணுகிணுச் சத்தம் இறகிலிருந்து வருகிறது என்றார்கள். இறகு எப்படிச் சத்தம் போடும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழும் இந்தப் பறவை, குளிர்காலத்தில் நம் வயல்களுக்கு வரும் உள்ளானின் உறவு. நீண்ட அலகை ஈர மண்ணுக்குள் விட்டு மண்புழு எடுத்துத் தின்னும். வசந்தம் பிறந்ததும் ஆண் பறவை அந்தி மங்கும் நேரத்தில் காட்டோரப் புல்வெளிக்கு வந்து, தரையில் நின்று மூக்கடைத்த குரலில் 'பீண்ட்', 'பீண்ட்' என்று கத்தும். அப்புறம் சட்டென்று எழும்பி, சுற்றிச் சுற்றி நூறு மீட்டர் உயரம் வரைகூட ஏறும். உச்சியிலிருந்து வளைந்து நெளிந்து இறங்கி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காரும். எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். பெண்ணைக் கவரத்தான் இத்தனையும்.

இறங்கும்போது கேட்கும் சிலம்பல் தொண்டையிலிருந்து வருவது. ஏறும்போது கேட்பது இறகின் வேலை. ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்புறத்து மூன்று இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட மிக ஒடுக்கமானவை. அந்த மூன்றின் நுனிப்பகுதி அகலத்தைக் கூட்டினால் ஆணுக்கு சுமார் 12.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் பெண்ணுக்கு அதற்கு மேலும் வரும். வேட்டைக்காரர்கள் கணக்கெடுப்புக்கு அனுப்பும் ஒற்றை இறக்கையை வைத்தே ஆண், பெண் பிரிக்கிறார்கள்!

சரி, ஒடுங்கிய இறகு ஏன் பாடுகிறது? வேகமாகப் பாயும் காற்று இறகைக் கொஞ்சம் முறுக்குகிறது. முறுகியதும் காற்று படும் கோணம் மாறுகிறது. கோணம் மாறியதும் காற்று தள்ளும் விசையும் மாறுகிறது. இறகு நெகிழக்கூடியது, அதனால் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும் வேகத்தில் அந்த நிலையைத் தாண்டியும் போகும். வேகம் குறைவென்றால் காற்றே இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டாலோ, ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்று இறகுக்கு ஆற்றலை ஊட்டத் தொடங்குகிறது. ஆட்டம் வளர்ந்து, காதுக்குக் கேட்கும் அதிர்வாகிறது. சுருதியைத் தீர்மானிப்பவை இறகின் நீளம், எடை, விறைப்பு. அகன்ற விறைப்பான இறகு அதே வேகத்தில் அடங்கிக் கிடக்கும், ஒடுங்கியது பாடும். யாழ்ப்பாணத்தில் விண் பூட்டிப் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: வில்லில் இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டை காற்றில் கூவுவதும் இதே விதத்தில்தான்.

இறகு பாடுவதை அழகாக நிரூபித்தது வேறொரு பறவையில். கலிபோர்னியாவின் அன்னா ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) பாய்ந்து இறங்கும்போது எழுப்பும் கீச்சொலி குரலா, இறகா என்று சர்ச்சை இருந்தது. ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் கிளார்க்கும் தெரேசா ஃபியோவும் வாலின் வெளிப்புற இறகுகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சத்தம் நின்றுபோனது. அந்த ஒற்றை இறகைக் காற்றோட்டத்தில் பிடித்தபோது அதே சுருதி வந்தது. 2008இல் வெளியான ஆய்வு இது. இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. விமான இறக்கையைப் பிய்த்தெறியக்கூடிய அதிர்வும், 1940இல் அமெரிக்காவின் டகோமா பாலத்தை முறுக்கி வீழ்த்திய அதிர்வும் இதே குடும்பம்தான். ஆனால் அந்தப் பயனைக் காட்டித்தான் காசு கேட்க வேண்டுமா? ஒரு பறவை எப்படிப் பாடுகிறது என்று தெரிந்துகொள்ளவும் அரசு செலவழிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வுட்காக் பார்க்கப் போகிறவர்களுக்கு: வானம் தெளிவாக இருந்தால் சூரியன் மறைந்து 22 நிமிடம் கழித்து, மேகமூட்டம் என்றால் 15 நிமிடம் கழித்து. அமெரிக்க வனவிலங்குத் துறை 1968 முதல் நடத்திவரும் கணக்கெடுப்பு தொடங்குகிற நேரமே இது. ஒவ்வொரு வழித்தடத்திலும் பத்து நிறுத்தம். நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் நின்று 'பீண்ட்' கத்தும் பறவைகளை எண்ணுவார்கள். பறவை மேலே போன பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து அசையாமல் நில்லுங்கள், அங்கேயேதான் திரும்பி வரும். டார்ச் அடிக்க வேண்டாம்.

நீலகிரிக்குக் குளிர்காலத்தில் வருவது இதன் யூரேசிய உறவு. அதன் காதல் பறத்தலைக் காண வேண்டுமென்றால் இனப்பெருக்கக் காலத்தில் இமயமலைக் காடுகளுக்குப் போக வேண்டும். அந்தியில் மரங்களுக்கு மேலே தாழப் பறந்தபடி அது எழுப்பும் உறுமலும் தும்மல் போன்ற கீச்சலும் முழுக்கத் தொண்டையிலிருந்து வருபவை.