ஆவிக்கு இரண்டு வேலை

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் சாலையில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிப் போகும் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமை வேண்டும். ஆனால் அந்த லோரிக்கும் அவசரம்தான். அடிபட்ட பழத்தில் ஒரு நொதி எண்ணெயை அமிலமாக்கத் தொடங்கிவிடும். அதைக் கொல்ல வேண்டும் என்றால் குலைகளைச் சீக்கிரம் ஆவியில் அவிக்க வேண்டும்.

அவிக்க விறகு? பழமேதான். ஒரு டன் குலையில் எண்ணெய் சுமார் 200 கிலோ. பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டையின் ஓடும் பாய்லருக்குப் போகும். நாரைக் கையில் அள்ளிப் பாருங்கள்: பால் பிழிந்த தேங்காய்ப்பூ போல ஈரம், விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிப் போன பிறகுதான் நார் சூடு தரும். பிழிவதில் கோட்டைவிட்டால் எண்ணெயும் நட்டம், அடுப்பும் புகையும்.

பாய்லரில் சுமார் 20 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் பிறக்கும் நீராவி, முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. வெளியே வரும்போது 3 பார்தான். ஓய்ந்துபோன ஆவி என்று நினைக்க வேண்டாம். டர்பைன் எடுத்துக்கொண்டது அதன் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோ ஆவி தண்ணீராக மாறும்போது இன்னும் 2,100 கிலோஜூலுக்கு மேல் கொடுக்கும். மஞ்சோங் நிலக்கரி மின்நிலையத்தில் இந்தக் கட்டத்தில் ஆவியைக் கடல்நீரால் குளிரவைத்துவிடுகிறார்கள். அவ்வளவு சூடும் கடலுக்கு. ஆலையோ அதே ஆவியை அவிகலனுக்குள் விடுகிறது. லோரி லோரியாகக் குலை கொள்ளும் இட்லிப் பானை அது. சுமார் 140 டிகிரி, ஒன்றரை மணி நேரம் வரை. நொதி சாகும், பழம் காம்பைவிட்டுக் கழலும்.

ஆலைக் கூரைமேல் அவ்வப்போது குபுகுபுவென்று எழும் வெள்ளைப் புகை, அவிகலனிலிருந்து திறந்துவிட்ட ஆவி. ஊருக்கு அது ஆலை ஓடுகிற அடையாளம். என் கண்ணுக்கு வீணாய்ப் போகும் நார்.

அதைவிடப் பெரிய ஓட்டை பின்னால் இருக்கும் குளம். டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல் பழுப்புக் கழிவுநீர் அதில் சேரும். காற்றில்லாத அடியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் விடும். குமிழிகள் மேலே வந்து பொட்டுப்பொட்டென்று உடையும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது. குளத்தை ரப்பர் விரிப்பால் மூடினால், ஒரு டன் கழிவுநீருக்கு மீத்தேன் நிறைந்த உயிர்வாயு (பயோகேஸ்) ஏறக்குறைய 28 கன மீட்டர் கிடைக்கும். அதை எஞ்சினில் எரித்தால் ஆலை தனக்குச் செலவழிப்பதைவிட அதிக மின்சாரம்.

பிறகு ஏன் எல்லாரும் மூடவில்லை? நார் இனாமாக மின்சாரம் தரும்போது, வாயுவைப் பிடிக்க யார் காசு போடுவார்? அதனால்தான் 2014 முதல் புதிய ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். பழைய ஆலைக்காரருக்கோ கணக்கு ஒன்றே ஒன்று: மிஞ்சும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள, தோட்டத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் மின்கம்பி இருக்கிறது?