உருவான கோப்பில் கை வைக்காதீர்கள், வரையறையைத் திருத்துங்கள்

ஆர்பிசிஜென் என்பது, ஒரு கணினியிலுள்ள நிரல் வலைப்பின்னல் வழியே இன்னொரு கணினியின் செயற்கூறை (ஃபங்ஷன்) அழைப்பதற்கு வேண்டிய சி நிரலை, நாம் எழுதும் வரையறைக் கோப்பிலிருந்து உருவாக்கித் தரும் கருவி. இப்படி அழைக்கும் முறைக்கு ஆர்பிசி என்று பெயர். அந்தக் கருவி எழுதித் தந்த சி கோப்பைக் கையால் திருத்திவிட்டு, "இதை இணைத்துவிடுங்கள்" என்று அனுப்புகிறவர்கள் குறைவதாகத் தெரியவில்லை. இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிவந்தேன். அண்மையில் வந்த ஒரு புகாருக்குப் பிறகு, பொதுவில் எழுதிவிடுவதே நல்லது என்று முடிவு செய்தேன்.

நடந்தது இதுதான். ஒரு நிறுவனத்தின் சேமிப்புச் சர்வரில், வலைப்பின்னல் வழியே வரும் பயனர் பெயருக்கு நீள வரம்பே இல்லை என்பதைப் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். கூர்மையான கண். ஆனால் அவர் திறந்தது வரையறைக் கோப்பை அல்ல, அதிலிருந்து உருவான எக்ஸ்டிஆர் கோப்பை, அதாவது தரவை வலைப்பின்னலில் செல்லும் வடிவத்துக்கு மாற்றித்தரும் கோப்பை. 255 எழுத்துக்கு மேல் வந்தால் மறுக்கும்படி அதில் ஒரு மாற்றம் செய்தார், சோதித்தார், களஞ்சியத்தில் சேர்த்தார். சில மாதங்கள் கழித்து, வேறொருவர் வரையறையில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்துக் கருவியை மீண்டும் ஓட்டினார். கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. வரம்பு காணாமல் போனது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு அதில் பிழை எதுவும் இல்லை. கடைசியில், "உங்கள் கருவி எங்கள் பாதுகாப்புத் திருத்தத்தை அழித்துவிட்டது" என்று எங்களுக்குப் புகார்.

பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளம் ஒன்றில் இந்தக் கருவியைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன். உருவாகும் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும், "தயவுசெய்து இந்தக் கோப்பைத் திருத்த வேண்டாம், இது ஆர்பிசிஜென் கொண்டு உருவாக்கப்பட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அது சம்பிரதாயத்துக்காக அச்சிடப்படும் வாசகம் அல்ல. அந்தக் கோப்பு உங்கள் நிரல் அல்ல, உங்கள் நிரலின் விளைவு. உங்கள் நிரல் '.எக்ஸ்' என்று முடியும் வரையறைக் கோப்பில் இருக்கிறது. அதிலிருந்து தலைப்புக் கோப்பு, கிளையன்ட் பக்கத்துக் கோப்பு, சர்வர் பக்கத்துக் கோப்பு, தரவை மாற்றித்தரும் எக்ஸ்டிஆர் கோப்பு என நான்கு பிறக்கின்றன. முறுக்கு அச்சு கோணலாக இருக்கும்போது, பிழிந்த முறுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் நிமிர்த்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இதைச் சொன்னால் வழக்கமாக வரும் பதில்: "நாங்கள் மறுபடியும் கருவியை ஓட்டப்போவதில்லை." ஓட்டுவீர்கள். இயங்குதளம் மாறும்போது, நெறிமுறையின் அடுத்த பதிப்பு வரும்போது, நீங்கள் வேலை மாறியபின் உங்கள் இடத்துக்கு வருபவர் சுத்தமாக ஒரு பில்ட் எடுக்கும்போது, கட்டாயம் ஓடும். அந்தப் புதியவருக்கு, நான்கு கோப்புகளில் ஒன்றில் மட்டும் மனிதக் கை பட்டிருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

ஒரு விதிவிலக்கு உண்டு. '-ஏ' விருப்பத்தோடு ஓட்டினால் கருவி மாதிரி சர்வர், மாதிரி கிளையன்ட் கோப்புகளையும் தரும். இவை வெறும் வார்ப்புருக்கள் என்று அவற்றின் தலையிலேயே எழுதியிருக்கும். அவற்றைத் தாராளமாகத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். குழப்பம் இங்கிருந்து தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

மேலே சொன்ன பொறியாளருக்குத் தேவைப்பட்டது வரையறையில் மூன்றே எழுத்துகளின் மாற்றம். வரையறை எழுதப்படும் எக்ஸ்டிஆர் மொழியில் சரத்தின் பெயரையொட்டிக் கோண அடைப்புக்குள் 255 என்று எழுதினால், அது அதிகபட்ச நீளம். அடைப்பை வெறுமையாக விட்டால், உருவாகும் கோப்பில் வரம்பு இருக்கவேண்டிய இடத்தில் எல்லா பிட்டுகளும் 1 ஆன எண் போய் உட்காரும். சுமார் 429 கோடி பைட் வரை வரலாம் என்று அதற்குப் பொருள். வரம்பு எழுதியிருந்தால், எக்ஸ்டிஆர் நூலகம் நினைவகம் ஒதுக்குவதற்கு முன்பே நீளத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். இந்த வரிசைதான் முக்கியம்: முதலில் சோதனை, பிறகு ஒதுக்கீடு. கையால் சோதனை எழுதுகிறவர்களில் பலர், நினைவகம் ஒதுக்கப்பட்ட பிறகு நீளத்தை அளக்கிறார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2002இல், சன் நிறுவனத்து நிரலிலிருந்து வந்த எக்ஸ்டிஆர் நூலகங்களில், வரிசையின் எண்ணிக்கையையும் உறுப்பின் அளவையும் பெருக்கும்போது எண் வழிந்துபோகும் ஓட்டை வெளிவந்தது. பல இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன. 2017இல், எந்த ஆர்பிசி சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் ஆர்பிசிபைண்டைத் தாக்கிய 'ஆர்பிசிபாம்' வந்தது. 111ஆம் போர்ட்டுக்குச் சிறிய யுடிபி பொட்டலங்களை அனுப்பியே நினைவகத்தை விழுங்க வைக்க முடிந்தது. நூலகத்தின் ஓட்டைகளை அடைப்பது எங்கள் பொறுப்பு. உங்கள் வரையறையில் வரம்பு எழுதுவதை உங்களுக்காக நாங்கள் செய்ய முடியாது.

"இந்தப் பழங்காலத்துக் கருவியை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்" என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: நீங்கள்தான், அறியாமலே. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் மேல்தான், வலைப்பின்னல் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நிற்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகமான ஜிலிப்சி தன் 2.32ஆம் பதிப்பில், 2020இல், சன் ஆர்பிசியையும் ஆர்பிசிஜென்னையும் நீக்கியது உண்மை. லினக்ஸில் நூலகம் லிப்டிஐஆர்பிசிக்கும் கருவி தனித் தொகுப்புக்கும் போய்விட்டன, அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் அது அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. நெட்பிஎஸ்டியில், இயங்குதளத்தைக் கட்டும் கணினியிலேயே இந்தக் கருவி முதலில் கட்டப்படுகிறது. அந்தக் கணினி லினக்ஸாகவும் இருக்கலாம், மேக்காகவும் இருக்கலாம். எங்கே ஓடினாலும் ஒரே கோப்பு வரவேண்டும். ஒரு வரியை மாற்ற நாங்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம் என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கம்பைலர் எச்சரிக்கைகளுக்கும் இதே கதிதான். பழைய பாணியில் உருவான சர்வர் கோப்புகளில், செயற்கூறு சுட்டிகள் வெற்று அடைப்புக்குறியோடு அறிவிக்கப்பட்டிருக்கும். பழைய சி மொழியில் அதற்கு 'அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) எவையென்று சொல்லவில்லை' என்று பொருள். சி23 தரத்தில் 'அளபுருக்களே இல்லை' என்று பொருள். 2025இல் வந்த ஜிசிசி 15 கம்பைலர் அந்தத் தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நேற்றுவரை கட்டப்பட்ட நிரல் இன்று பிழையோடு நிற்கிறது. உடனே உருவான கோப்பில் நான்கு இடத்தில் வகைமாற்றம் (காஸ்ட்) போட்டு வாயை அடைக்கிறார்கள். அதற்கான மருந்து கருவியில் இருக்கிறது: புதிய பதிப்பை எடுங்கள், சி மொழியின் நவீன பாணியில் எழுதச் சொல்லும் விருப்பத்தைக் கொடுங்கள். அப்போதும் பிழை வந்தால் அது எங்கள் பிழை. எங்களிடம் சொல்லுங்கள். எக்ஸ்டிஆர் செயற்கூறுகளில் சில இரண்டு அளபுருக்களும் சில மூன்றும் எடுப்பதால், அவற்றுக்குப் பொதுவான ஒரு வகையை ஒழுங்காக எழுத முடியாத பழைய சிக்கல் ஒன்று உண்டு. அது இன்னும் எங்களைப் படுத்துகிறது. கண்மூடித்தனமாகப் போடும் வகைமாற்றம் அந்தச் சிக்கலை மறைக்கத்தான் உதவும்.

கிளையன்ட் கோப்பில் காத்திருப்பு நேரம் 25 நொடி என்று எழுதியிருக்கும். அதை 60 ஆக்கி அனுப்புகிறவர்களுக்கு: அந்த வரிக்கு நேர் மேலேயே, இதை மாற்ற எந்தச் செயற்கூறை அழைக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. படியுங்கள். தனியாக ஒரு தலைப்புக் கோப்பு சேர்க்க வேண்டுமா? வரையறைக் கோப்பில் சதவீதக் குறியோடு தொடங்கும் வரி அப்படியே வெளியீட்டுக்குப் போகும். பல இழைகளில் (த்ரெட்) ஓடும் நிரலா? '-எம்' விருப்பம் இல்லாமல் உருவான கிளையன்ட் செயற்கூறு, முடிவை ஒரே நிலையான (ஸ்டாடிக்) மாறியில் வைத்து அதன் முகவரியைத் தருகிறது. அடுத்த அழைப்பு அதன்மேல் எழுதிவிடும். அதைப் பூட்டுப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், விருப்பத்தைக் கொடுங்கள்.

கட்டமைப்பில் ஒரு புலத்தைக் கூட்டினால் நெறிமுறையின் பதிப்பு எண்ணையும் கூட்டுங்கள். எண் அப்படியே இருந்தால் பழைய கிளையன்ட் புதிய சர்வரோடு தடையின்றிப் பேசி, தவறான இடத்திலிருந்து தவறான தரவைப் படிக்கும்.

உருவான கோப்புகளைக் களஞ்சியத்தில் வைக்காதீர்கள். மேக்ஃபைலில் அவை வரையறைக் கோப்பைச் சார்ந்திருக்கட்டும், ஒவ்வொரு பில்ட்டிலும் புதிதாகப் பிறக்கட்டும். வைத்தே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால், தானியங்கிச் சோதனையில் மறுபடி உருவாக்கி ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் பில்ட் நிற்க வேண்டும்.

பிழை என்று எங்களுக்கு எழுதும்போது, தயவுசெய்து வரையறைக் கோப்பை அனுப்புங்கள். நிறுவனத்து ரகசியம் என்றால், அதே பிழையைக் காட்டும் பத்து வரி வரையறை போதும். இயங்குதளத்தின் பதிப்பு, கருவிக்குக் கொடுத்த விருப்பங்கள், எந்த முன்செயலி (ப்ரீப்ராசஸர்) ஓடியது ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உருவான கோப்பை இணைக்க வேண்டாம், அதை நாங்களே உருவாக்கிக்கொள்வோம்.