நிரமயா: அட்மிட் ஆகாத செலவுக்கும் ஒரு காப்பீடு

என் அத்தை மகனுக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் குறைபாடு). போன வருஷம் ஆறேழு மாதம் எந்நேரமும் தூக்கம், மலச்சிக்கல், உடம்பும் போட்டுவிட்டது. "அவன் அப்படித்தான்" என்று வீட்டில் நாங்களும் சொன்னோம், காட்டிய டாக்டரும் அதையேதான் சொன்னார். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு. தினம் ஒரு சின்ன மாத்திரை, ஆள் தெளிந்துவிட்டான்.

அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான், இப்போது 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. பிறவி இதயக் கோளாறுக்குக் குழந்தையிலேயே ஆபரேஷன் செய்துவிடுவது அதற்குப் பெரிய காரணம். அது முடிந்தபிறகு தைராய்டு, வலிப்பு, சொத்தைப் பல், புரையேறி வரும் நிமோனியா என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் நிறைய அட்மிட் ஆகாமலே கைக்காசைக் கரைக்கிற செலவு. முதல்வர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் கைகொடுக்கும்.

நிரமயா அங்கேதான் உதவுகிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மத்திய அரசுத் திட்டம் இது. அறிவுசார் குறைபாடு (டவுன் சிண்ட்ரோம் இதில்தான் வரும்), ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு, இந்த நான்கில் ஒன்று இருந்தால் போதும். வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு கிடையாது, சேரும்முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளவும் மாட்டார்கள், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. புறநோயாளிச் செலவு, மருந்து, பல் வைத்தியம், தெரபி எல்லாம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு இருக்கிறது.

சேரக் கட்டணம் 500 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250. மாற்றுத்திறனாளிச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு டிரஸ்டில் பதிவான தொண்டு நிறுவனம் எதற்காவது போனால் அவர்களே பதிந்து தருவார்கள்.

சரி, சிக்கல் எங்கே என்றால், காசை முதலில் நாம் போட்டுவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும். மருந்துக் கடையில் துண்டுச்சீட்டு வாங்கினால் போச்சு. அச்சடித்த பில், அதில் பிள்ளையின் பெயர் (அப்பா பெயரில் போட்டுவிடுவார்கள், அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள்), கூடவே டாக்டர் சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட். கிளெய்மையும் தள்ளிப்போடாமல் சூட்டோடு சூடாக அனுப்பிவிடுங்கள்.

நடுவில் எப்போது சேர்ந்திருந்தாலும் மார்ச் 31-ஓடு காலாவதி ஆகிவிடும், அதற்கு முன்னாலேயே புதுப்பித்துவிட வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் மறந்து, தெரபி பில் மொத்தத்தையும் கையிலிருந்துதான் கட்டினோம்.