ஒதுக்கியது வேறு, செலவழித்தது வேறு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு மயூர் விஹாரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். டெல்லியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். கிராமக் குடிநீருக்கு மத்திய அரசு செய்த செலவைப் பத்து வருடத்துக்கு அட்டவணை போட்டிருந்தார். உழைப்பு தெரிந்தது. ஆனால் எல்லா எண்ணும் பட்ஜெட் அன்று அறிவித்த ஒதுக்கீடு. செலவுக் கணக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டுமாம். இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

"ஒதுக்கிட்டாங்கன்னா செலவு பண்ணிட்டாங்கன்னுதானே மேடம் அர்த்தம்?" என்றார்.

இல்லை. இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்ஜெட் மதிப்பீடு என்பது வருடம் தொடங்குமுன் போடும் திட்டம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து எழுதும் பட்டியல் மாதிரி. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கடைசியில் எவ்வளவு கொடுத்தோம் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. வருடத்தின் நடுவில், அதுவரை ஆன செலவைப் பார்த்துத் திருத்திய மதிப்பீடு வரும். உண்மைச் செலவு அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் பட்ஜெட் ஆவணத்தில் ஏறும். 2023-24 செலவு, 2025 பிப்ரவரியில் வந்த பட்ஜெட்டில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி எடுத்துக்கொண்ட திட்டத்தையே பாருங்கள். கிராம வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் 70,163 கோடி ரூபாய். அதே வருடத் திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. அடுத்த வருட ஒதுக்கீடு 67,000 கோடி. இந்த 67,000 கோடியைக் 'குறைப்பு' என்றும் எழுதலாம், 'மூன்று மடங்கு உயர்வு' என்றும் எழுதலாம். எதோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாவிட்டால் இரண்டுமே வாசகரை ஏமாற்றும்.

ஒதுக்கியதைவிடச் செலவு எப்போதும் குறையும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2020-21 உணவு மானியத்துக்கு ஒதுக்கியது 1,15,570 கோடி. செலவோ 5 லட்சம் கோடியைத் தாண்டியது. கொரோனாக் கால இலவச அரிசி, கோதுமை ஒரு காரணம். முந்தைய வருடங்களில் அரசு தர வேண்டிய மானியத்துக்குப் பதிலாக இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து வாங்கியிருந்த கடனை அரசு அந்த வருடம் அடைத்தது இன்னொரு காரணம். முந்தைய வருடங்களின் சுமை ஒரே வருடத்தில் வந்து விழுந்தது. இது தெரியாமல் போக்குக் கோடு வரைந்தால் கோடே பொய் சொல்லும்.

உண்மைச் செலவிலும் ஒரு சிக்கல் உண்டு. மாநிலத்துக்குப் பணத்தை அனுப்பிய உடனே டெல்லிக் கணக்கில் அது செலவு. குழாய் பதித்தார்களா என்பதை மாநிலக் கணக்கில்தான் தேட வேண்டும்.

தயவுசெய்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்த வகை என்று எழுதுங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். கடைசி இரண்டு வருடத்துக்கு உண்மைச் செலவு கிடைக்கவில்லையா, அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். திட்டத்தின் பெயர் மாறியதா என்றும் பாருங்கள். 2019க்கு முன்னால் ஜல் ஜீவன் என்ற பெயரே கிடையாது. செய்தித்தாள் தலைப்பிலிருந்து மட்டும் எண் எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு வழிகாட்டியிடம் இரண்டு மாதம் அவகாசம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் சமர்ப்பிக்கும் முன்னாலேயே வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்கலாம்.