செவலையின் மூக்கில் நீங்கள் இருக்கிறீர்கள்

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கிருஷ்ணகிரி பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு ஏழு மாதமாக ஞாயிறுதோறும் போய்வருகிறாராம். நெடுஞ்சாலையில் லாரி அடித்துப் பின்னங்கால் ஒடிந்து வந்த ஒரு செவலைப் பெட்டைக்குத் தன் கையாலேயே சோறு பிசைந்து வைத்துத் தேற்றியிருக்கிறார். போன வாரம் பாலக்கோட்டுக் குடும்பம் ஒன்று அதைத் தத்தெடுத்துப் போய்விட்டது. "அது என்னை மறந்துடுமா?" என்று கேட்கிறார்.

அவ்வளவு சீக்கிரம் மறக்காதும்மா. காரணம் அதன் மூக்கு.

வாசனையை உணரும் செல்கள் நமக்குச் சுமார் 60 லட்சம், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை. இது பலரும் படித்ததுதான். எனக்கு இந்த எண்ணிக்கையைவிட அங்கே காற்று போகும் வழிதான் பிடிக்கும். நம்மூர்ச் செம்மண் புழுதியில் ஒரு நாய் மோப்பம் பிடிப்பதைக் குனிந்து பாருங்கள். மூக்குக்கு நேர் முன்னால் மண் கலையாது. இரண்டு பக்கமும் பின்னோக்கிக் குட்டிக் குட்டியாகப் புழுதி கிளம்பும். நாசித் துவாரத்தின் ஓரத்தில் கீறல் போல ஒரு பிளவு இருக்கிறதே, வெளிமூச்சு அதன் வழியாகத்தான் பக்கவாட்டில் போகிறது. அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் இருப்பதோடு, அந்த வீச்சே புது வாசனையையும் மூக்கை நோக்கி இழுத்து வருகிறது. நொடிக்கு ஐந்து முறை அளவில் இது நடக்கிறது.

உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு. எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்கோடியில், சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் நிறைந்த ஓர் அறைக்குப் போகிறது. மூச்சை வெளியே விடும்போது காற்று அந்த அறையைத் தொடுவதே இல்லை. நமக்கு மூச்சோடு வந்த வாசனை மூச்சோடு போய்விடும். நாய்க்கு அது உள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் வருவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஏழு மாத ஞாயிறுகள் அந்தச் சுருள்களில் எத்தனை முறை படிந்திருக்கும்!

அங்கிருந்து செய்தி மூளையின் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போகிறது. அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களை மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பல வாசனைகளைக் காட்டினார்கள். 2015-இல் வெளியான முடிவு: நல்லது நடக்கப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் அதிகம் இயங்கியது. அந்த மனிதர் அப்போது பக்கத்தில்கூட இல்லை.

டார்வினும் தன் நாயின் நினைவைச் சோதித்திருக்கிறார். கப்பல் பயணம் முடிந்து 1836-இல், ஐந்து ஆண்டும் இரண்டு நாளும் கழித்து வீடு திரும்பியவர், பழையபடி குரல் கொடுத்தார். அந்த நாய் துள்ளிக் குதிக்கவில்லை. அரைமணி நேரம் முன்புதான் பிரிந்தது போல உடனே பின்னால் நடந்து வந்தது.

நம்மூர்த் தெருநாய்களின் நடத்தையைக் கொல்கத்தா ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) அமைப்பில் ஆராய்கிறார்கள். அதுபோல ஊருக்கு ஊர் நடக்கவேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செவலை போன அன்று மற்ற நாய்கள் ஊளையிட்டதாகவும், எமன் வருகிறான் என்று யாரோ பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். நெருங்கிய துணை பிரிந்தால் ஓநாய்கள் அதிகம் ஊளையிடுவதை 2013-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அதியமான்கோட்டை காலபைரவரை அவ்வளவு பேர் கும்பிடுகிறோம். அவருடைய வாகனம் துணையைத் தேடிக் கூப்பிடுவதை மட்டும் சாவோடு முடிச்சுப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காப்பகத்துக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொள்ளும் துண்டை, துவைக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பாலக்கோட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். செவலை படுக்கும் சாக்கின் மேல் விரிக்கச் சொல்லுங்கள். புது வீட்டில் முதல் சில இரவுகளுக்குத்தான் அதற்குப் பழகிய வாசனை அதிகம் தேவைப்படும்.