இணையதளத்தை எல்லோரும் பயன்படுத்தும் உரிமை: சட்டம் என்ன சொல்கிறது, எங்கே புகார் செய்வது?

சான்றிதழ், உதவித்தொகை, ஆஸ்பத்திரி டோக்கன் என்று வேலூர் மாவட்டத்திலும் பாதி வேலை போனிலேயே முடிகிறது. குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ இருக்கும் பார்வையற்ற ஒருவரும் அந்த வேலையை அடுத்தவர் துணையில்லாமல் தானே முடிக்க வழி இருக்க வேண்டும். இணையதளம் அதற்கேற்றபடி இருப்பது அவருடைய சட்ட உரிமை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அரசு அலுவலகங்களோடு, பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியாரும் இதற்குள் வருகிறார்கள். இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தனி விதியும் வந்தது. ஆனால் அது கட்டாயமாக இல்லாமல் பரிந்துரை போலவே இருக்கிறது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை பற்றியது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? டிஜிட்டல் சேவை கிடைப்பதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் அதில் சொன்னது.

சரி, நடைமுறையில் எங்கே இடிக்கிறது? தமிழில் முதல் தடை பிடிஎஃப்தான். அறிவிப்பை டைப் செய்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது எழுத்து. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு வெறும் படம். போன் ஒன்றும் வாசிக்காது. டைப் செய்த மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்றினால் போதும், பைசா செலவில்லை. பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த கோப்பு இன்னொரு தொல்லை. ஸ்கிரீன் ரீடர் அதைத் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே வாசிக்கப்படும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் அறிவிப்பு போடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

படத்தைப் பார்த்து எழுத்தை அடிக்கச் சொல்லும் கேப்ட்சா, விளக்கமில்லாத பட பட்டன், வசன வரியில்லாத வீடியோ, மங்கலான எழுத்து ஆகியவையும் தடைகள்தான்.

புகார் செய்ய, பக்கத்தின் முகவரி, தேதி, எந்த வேலை எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள். முதலில் அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். விசாரணையில் அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.