உள்ளங்கை அளவு ரப்பரில் ஒரு பந்தயம்

பைக் பந்தயத்தைக் கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது தைரியத்தின் போட்டி. யார் பயப்படாமல் முறுக்குகிறாரோ அவர் ஜெயிப்பார் என்றுதான் தோன்றும். பேடாக்குக்குள், அதாவது வண்டிகளைத் தயார் செய்யும் இடத்துக்குள், ஒரு நாள் சுற்றி வந்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். அங்கே காலையிலிருந்து மாலை வரை பேச்செல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கிரிப், அதாவது டயர் தரையைப் பிடிக்கும் பிடிமானம். ஓடும் பைக் தரையைத் தொடுவது இரண்டே இடங்களில், ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுக்கு மேல் இருக்காது. வேகம் எடுப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாமே அந்த இரண்டு திட்டு ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கை எடுத்துக்கொள்வோம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. முதலில் பல வருஷம் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த கிளப், 1990-ல் இந்த டிராக்கைத் திறந்தது. ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள். ஓட்டுபவர்கள் அவற்றை சி1, சி2 என்று எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புதியவர்களுக்கான பிரிவுகளில் பெரும்பாலும் 150, 200 சிசி வண்டிகள். ரோட்டில் நாம் ஓட்டுகிற அதே ரகம்தான், கொஞ்சம் உரித்து எடுத்தது.

அந்த உரிப்பு காலையில் ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனையில், தெரியும். கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்ட் எதுவும் இருக்காது. ஆயில் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதன் தலையில் ஒரு மெல்லிய துளை. துளைக்குள் ஸ்டீல் கம்பி நுழைந்து, முறுக்கேறி, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு நிலையான பாகத்தில் கட்டியிருக்கும். போல்ட் அதிர்வில் தளரத் திரும்பினால் கம்பி இறுகி அதைத் திரும்ப விடாமல் பிடிக்கும், ஆயில் டிராக்கில் சிந்தாது. சோதிப்பவர் அந்தக் கம்பியை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார். ரேடியேட்டரில் கூலண்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான். கூலண்ட்டில் இருக்கும் கிளைக்கால் தாரில் சிந்தினால் வழவழவென்று இருக்கும், லேசில் காயாது. ஒரு வண்டி சிந்தினால் பின்னால் வருகிற பத்து வண்டி விழும். ஆக, பந்தயத்தின் முதல் விதியே அடுத்தவர் கிரிப்பில் கை வைக்காதே என்பதுதான்.

சரி, இந்தக் கிரிப் எங்கிருந்து வருகிறது? பள்ளிப் புத்தகத்தில் உராய்வு விசை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ரப்பர் விஷயத்தில் அது இரண்டு வழியில் நடக்கிறது. தார்ச்சாலை கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் கிட்டப் போனால் ஜல்லியின் மேடுபள்ளம். ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் அமுங்கி, பிதுங்கி, உருமாறிக்கொண்டே உருளுகிறது. அமுங்கிய ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தால் மேட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசம்தான் வழுக்கலை எதிர்த்து நிற்கிறது. இரண்டாவது, ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. இரண்டுக்கும் ரப்பர் இளகியிருக்க வேண்டும். குளிர்ந்த டயர் பள்ளத்துக்குள் இறங்காது. அளவுக்கு மீறிச் சூடானாலோ குழைந்து வழுக்க ஆரம்பிக்கும். பெரிய பந்தயங்களில் டயரைக் கிரிட்டுக்கு, அதாவது பந்தயம் தொடங்கும் வரிசைக்கு, போகும் வரை மின்கம்பளத்தில் சுற்றி 80 டிகிரிவாக்கில் வைத்திருப்பார்கள். கிளப் பந்தயத்தில் பெரும்பாலும் ஒரு வார்ம்-அப் லேப்தான். “முதல் லேப்பில் ரொம்ப சாய்க்காதே தம்பி” என்று மெக்கானிக்குகள் சொல்லி அனுப்புவது சும்மா இல்லை.

சூடு இன்னொரு வேலையும் செய்யும். காலையில் 30 டிகிரியில் டயரில் 28 பி.எஸ்.ஐ. காற்று அடைத்தீர்கள் என்று வையுங்கள். நாலைந்து சுற்றில் உள்ளே காற்று 70 டிகிரிக்குப் போனால் அதே காற்று 33, 34 பி.எஸ்.ஐ. காட்டும். அழுத்தம் ஏறினால் டயர் உப்பும். உப்பினால் தரையைத் தொடும் திட்டு சுருங்கும். அதனால்தான் ஓடி முடித்து வந்த கையோடு, டயர் ஆறுவதற்குள், ஒருவர் காற்றழுத்தம் அளக்கும் கேஜோடு ஓடி வருவார். காலையில் எவ்வளவு அடைத்தோம் என்பதை விட ஓடும்போது எவ்வளவு இருந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

நேர்சாலையில் நடப்பது பார்க்க விறுவிறுப்பானது, ஆனால் விளக்க அதிகம் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தியோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். டேங்க் மேல் ஒட்டிப் படுத்துக்கொண்டு 150 கி.மீ. வேகத்தில் போகக் காற்றுக்கு மட்டுமே சுமார் 20 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 10 சதவீதம் வேகம் வேண்டுமென்றால் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரி வண்டி ஓட்டும் ஒன் மேக் பந்தயங்களில் அந்தக் கூடுதல் யாரிடமும் கிடையாது. முன்னால் போகிறவர் கிழித்த காற்றுக்குள் நுழைந்துகொள்வதுதான் ஒரே வழி. சின்ன வண்டிப் பந்தயங்களில் ஐந்தாறு பேர் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டே வருவதற்கும், கடைசிச் சுற்றில் முதலில் போக யாருமே விரும்பாததற்கும் இதுதான் காரணம்.

உண்மையான கணக்கு பிரேக்கில் தொடங்குகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்த்து 200 கிலோ. வேகம் 150 கி.மீ. எதிரே 70 கி.மீ.யில் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு வளைவு. நல்ல டயரில், நல்ல கையில், இந்த வேகத்தைச் சுமார் 80 மீட்டருக்குள் இறக்கிவிடலாம். அந்த இரண்டரை வினாடியில் தொலைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 136 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 62 டிகிரிக்குக் கொண்டுபோக அது போதும். ஆனால் இங்கே அது முக்கால்வாசிக்கு மேல் போய்ச் சேர்வது முன்சக்கரத்தின் மெல்லிய டிஸ்க்கில். டிஸ்க் காற்றில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்; ஒரு சுற்றில் பலமுறை இதே கதை.

முன்சக்கரம் ஏன் அவ்வளவும் சுமக்கிறது? நிற்கும் வண்டியில் எடை இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய பாதிப்பாதி. பிரேக் பிடித்தவுடன் ஓட்டுபவரின் நெஞ்சு, டேங்க், என்ஜின் எல்லாம் முன்னோக்கிப் போக, டயரோ தரையில் பின்னோக்கி இழுக்க, மொத்த வண்டியும் முன்சக்கரத்தைச் சுற்றிக் கவிழப் பார்க்கிறது. எடை முன்னால் நகர்கிறது. பிரேக் கூடக்கூட ஒரு கட்டத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். கிளப் பந்தயத்திலும் வேகமானவர்களின் பின்சக்கரம் வளைவுக்கு முன்னால் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடுவதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் பின் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. மறுபக்கம், முன் பிரேக்கைச் சடாரென்று பிடிப்பதும் தப்பு. எடை வந்து சேர்வதற்கு முன்பே கேட்டால் டயர் வழுக்கிவிடும். லீவர் மேல் இருக்கும் இரண்டு விரலைக் கவனித்தால் தெரியும். முதலில் தொடுகிறது, முன்சக்கர சஸ்பென்ஷனான ஃபோர்க் இறங்கும் வரை ஒரு நொடிப்பொழுது காத்திருக்கிறது, அப்புறம்தான் அழுத்துகிறது.

பிரேக் ஆயிலைப் பந்தயத்துக்கு முன் மாற்றச் சொல்வதும் இந்தச் சூட்டால்தான். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். ஆக, லீவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது.

இப்போது வளைவு. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஓட்டுபவர் வலது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறார், அதாவது முன்சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகிறார். கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் டயர்கள் இடப்பக்கம் நகர்ந்தால்தான் மேலே இருக்கும் எடை வலப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகு சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நாம் ரோட்டில் தினமும் இதைச் செய்கிறோம், தெரியாமல். பந்தயத்தில் தெரிந்து செய்கிறார்கள், அவ்வளவுதான். சக்கரம் பம்பரம் போல் சுழல்வதால்தான் இரு சக்கர வண்டி விழாமல் நிற்கிறது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அந்தச் சுழற்சி விளைவை வேண்டுமென்றே நீக்கிக் கட்டிய ஒரு சைக்கிளும் தானாக நிமிர்ந்து ஓடுவதை 2011-லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். விழப்போகும் பக்கம் சக்கரம் திரும்புவதுதான் முக்கியம்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு வண்டியின் எடை ஒரு பொருட்டே இல்லை. வேகமும் வளைவின் ஆரமும் போதும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 71 கி.மீ. வேகத்தில் போனால் 45 டிகிரி சாய வேண்டும், 100 சிசி வண்டியானாலும் 1000 சிசி வண்டியானாலும். வேகத்தை 78 ஆக்கினால் 50 டிகிரி. இது மெல்லிய சக்கரத்துக்கான கணக்கு. அகலமான டயரில் தொடும் இடம் பக்கவாட்டில் நகர்வதால் வண்டி இன்னும் சில டிகிரி கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். 45 டிகிரி சாய்வில் வண்டியும் ஆளும் 1.4 மடங்கு கனமாகிறார்கள். 65 கிலோ ஆள் சீட்டை 92 கிலோவாக அழுத்துவார். முழங்காலை வெளியே நீட்டி உடம்பைத் தொங்கவிடுவது படத்துக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. (படத்துக்கும்தான்.) உடம்பின் எடை உள்பக்கம் போனால் மொத்தமாக வேண்டிய சாய்வு அதேதான், ஆனால் வண்டி அதில் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். ஃபுட்பெக் தரையில் உரசாது, டயரின் ஓரம் வரை போக வேண்டியதில்லை, சஸ்பென்ஷனும் மேடுபள்ளத்தை ஒழுங்காக வாங்கும்.

பிரேக்கையும் சாய்வையும் சேர்த்துச் செய்ய முடியுமா? முளையில் கட்டிய ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டும் வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் மேயலாம். கிழக்கே கயிறு விறைக்கும் வரை போய்விட்டால் அங்கிருந்து வடக்கே ஓர் அடி கூட நகர முடியாது. டயரின் கிரிப்பும் இப்படி ஒரு வட்டம்தான். ஒரு திசை பிரேக், மறுதிசை சாய்வு. முழுக் கிரிப்பையும் சாய்வில் செலவழித்தவர் பிரேக் லீவரைத் தொட்டாலே விழுவார். ஆனால் வட்டம் என்பதால் இதில் ஒரு லாபமும் இருக்கிறது. சாய்வுக்கு 80 சதவீதம் பயன்படுத்தும்போது பிரேக்குக்கு மிச்சம் 20 என்று நினைப்போம். உண்மையில் 60 சதவீதம் இருக்கிறது. பித்தாகரஸ் தேற்றம்தான். சாய்வு 95 ஆனாலும் 31 மிச்சம். அதனால் தேர்ந்தவர்கள் நேராகப் பிரேக் பிடித்து, விட்டு, அப்புறம் சாய்வதில்லை. சாயச் சாய லீவரைத் துளித்துளியாக விடுவார்கள். புதியவர்களோ பயந்து சீக்கிரமே பிரேக்கை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஒரு வளைவில் முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பிரேக்கை விட்டுக்கொண்டே சாயும் இந்த இருபது மீட்டரில்தான் இருக்கிறது. தைரியம் என்று வெளியிலிருந்து தெரிவது இதைத்தான்.

வெளியேறும்போது அதே வட்டம், திசை மட்டும் மாறும்: வண்டி நிமிர நிமிர ஆக்சிலேட்டர். சாய்வு குறையாமல் முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும். வழுக்கி அப்படியே சறுக்கிப் படுத்துவிட்டால் அதை லோ சைடு என்பார்கள். தோல் சூட் தேயும், கைப்பிடி வளையும், ஆள் எழுந்து நடந்து வருவார். மோசமானது ஹை சைடு: வழுக்கியதும் பதறிப்போய் ஆக்சிலேட்டரை முழுசாக மூட, பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த டயருக்குச் சட்டென்று கிரிப் திரும்பி வந்து, வண்டி மறுபக்கம் உதறி எழுந்து ஆளைத் தூக்கி எறிகிறது. கிரிப் போனதை விட அது திரும்பி வந்ததுதான் அங்கே ஆபத்து.

மாலையில் வண்டிகள் திரும்பி வந்ததும் ஸ்டாண்டில் ஏற்றி, ரிசல்ட் ஷீட்டுக்கு முன்னால் டயரைத்தான் பார்க்கிறார்கள். ஓரத்தில் தேயாத பட்டை மிச்சம் இருந்தால் இன்னும் சாய இடம் இருந்தது என்று அர்த்தம். பின் டயரில் பட்டை இல்லாமல் முன் டயரில் மட்டும் விரல் அகலத்துக்கு இருப்பது சகஜம், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. முன் டயரும் விளிம்பு வரை தேய்ந்து, சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள் ஓரத்தில் திரண்டிருந்தால் மெக்கானிக் வண்டியை விட்டுவிட்டு ஓட்டியவரைக் கூப்பிடுவார். எந்த வளைவில், பிரேக்கை எங்கே விட்டாய் என்று கேட்பார்.